வைரசுப் புரதமும் எமது நிர்ப்பீடனக் கலமும்: எழுத்தொற்றுமை எதைக் காட்டுகிறது?

பதிவு 1 — வெள்ளவத்தை ரீச்சர்

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். மழை விட்டுவிட்டுப் பெய்யும் இந்த வாரங்களில் எமது ஒழுங்கையில் மட்டும் மூன்று வீடுகளில் டெங்குக் காய்ச்சல். சென்ற செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி, தான் வசிக்கும் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்த குரற்பதிவு ஒன்றைக் கேட்கும்படி தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அதில் பேசுபவர், டெங்கு வைரசின் புரதம் ஒன்றிலும் எமது வெண்குழியத்தின் புரதம் ஒன்றிலும் அடுத்தடுத்து வரும் ஆறு அமினோ அமிலங்கள் (புரதச் சங்கிலியை ஆக்கும் எழுத்துகள் போன்றவை) ஒன்றாகவே இருக்கின்றன என்றும், ஆகவே உடல் டெங்குவை எதிர்க்கும்போது தன்னையே தின்கிறது என்றும், தடுப்பூசி போடுவது அந்தத் தீயில் எண்ணெய் ஊற்றுவதே என்றும் மிகுந்த உறுதியோடு சொல்கிறார். இதற்கு அவர் கொடுக்கும் பெயர் மூலக்கூற்றுப் போலிமை.

மாணவி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “ரீச்சர், ஆறு எழுத்து ஒன்றாக இருப்பது பொய்யா?” பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படியொரு ஒற்றுமை இருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். மூலக்கூற்றுப் போலிமை என்பது நிர்ப்பீடனவியலில் மதிப்புள்ள ஒரு கருத்து என்பதும் தெரியும். ஆனால் ஒற்றுமையிலிருந்து நோய்க்குப் பாய்வதில் எந்த இடத்தில் தவறு நேர்கிறது என்பதை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி என்னால் அன்று விளக்க முடியவில்லை. அந்தக் குறை இரண்டு நாட்களாக என்னை உறுத்துகிறது. இத்துறையில் பழக்கமுள்ளோர் உதவினால் அடுத்த வகுப்பில் அவளுக்கு முறையான பதிலொன்றைக் கொடுப்பேன்.

பதிவு 2 — நுணுக்குக்காட்டி, பொரளை

ரீச்சர், மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராக நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் ஒரு பிரிவினையைச் செய்துகொள்ளாவிட்டால் இந்த விவாதம் குழம்பிவிடும். மூலக்கூற்றுப் போலிமை என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறான சங்கதிகள் பேசப்படுகின்றன. ஒன்று, வைரசுக்கு நன்மை தருவதால் கூர்ப்பில் நிலைத்துவிட்ட போலிமை. எமது நிர்ப்பீடனக் கலங்களை ஏமாற்றுவதே அதன் வேலை. மற்றையது, வைரசுக்கு எந்தப் பயனுமில்லாமல் தற்செயலாக அமைந்த ஒற்றுமை. அதனால் எமது பிறபொருளெதிரியோ (கிருமியைப் பற்றும் புரதம்) ரி கலமோ (ஒருவகை வெண்குழியம்) வைரசைத் தேடிப் போய் எமது இழையத்தையே தாக்கிவிடலாம். 1964இல் ரேமண்ட் டேமியன் இந்தப் பெயரை வைத்தபோது அவர் மனத்தில் இருந்தது முதலாவது வகை. விருந்து வழங்கியின் உடலெதிரியாக்கிகளை, அதாவது நிர்ப்பீடனம் அடையாளம் காணும் மூலக்கூறுகளை, போன்றவற்றைத் தாமும் கொண்டிருந்து ஒளிந்து வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றியே அவர் எழுதினார். நோயை உண்டாக்கும் போலிமை என்ற இரண்டாவது பொருள் பின்னர்தான் வலுப்பெற்றது. குரற்பதிவில் பேசுபவருக்கு இந்த இரண்டாவது மட்டுமே தெரிந்திருக்கிறது.

முதல் வகைக்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் போல் அழகானதும் அச்சமூட்டுவதுமான ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. எமது கலங்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. முதலாம் வகுப்புப் புரதங்கள் இருக்கின்றன. கலத்தின் உள்ளே தயாராகும் புரதங்களின் சிறு துண்டுகளை வெளியே தூக்கிக் காட்டுவது அவற்றின் தொழில். வைரசுத் துண்டு அங்கே தெரிந்தால் கொல்லும் ரி கலம் அந்தக் கலத்தை அழித்துவிடும். சைற்றோமெகலோ வைரசு இதைத் தவிர்ப்பதற்காக அந்த எச்.எல்.ஏ. புரதங்களையே மேற்பரப்பிலிருந்து அகற்றிவிடுகிறது. ஆனால் இயற்கைக் கொல்லிக் கலம் என்று இன்னொரு காவலாளி இருக்கிறது. எச்.எல்.ஏ. அகற்றப்பட்டதைக் கண்டுபிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. எச்.எல்.ஏ. புரதங்கள் தயாராகும்போது அவற்றின் தலைப்பகுதியிலிருந்து ஒன்பது அமினோ அமிலத் துண்டொன்று வெட்டப்பட்டு, எச்.எல்.ஏ.-ஈ என்ற வேறொரு புரதத்தின் பள்ளத்தில் அமர்ந்து மேற்பரப்புக்கு வரும். அந்தத் துண்டு தெரியும்வரை, “இங்கே எச்.எல்.ஏ. தயாரிப்பு ஒழுங்காக நடக்கிறது” என்று எடுத்துக்கொண்டு கொல்லிக் கலம் அமைதியாகக் கடந்து போகும்.

இப்போது அந்த ஒன்பதையும் எழுதிப் பாருங்கள்: வாலீன், மெதியோனீன், அலனீன், புரோலீன், ஆர்ஜினீன், திரியோனீன், லியூசீன், ஐசோலியூசீன், லியூசீன். சைற்றோமெகலோ வைரசின் யுஎல்40 என்ற புரதத்தின் தலைப்பகுதியில் இதே ஒன்பதும் இதே வரிசையில் இருக்கின்றன; மனிதரின் எச்.எல்.ஏ.-சி வகைகள் சிலவற்றில் உள்ளதற்கும் இதற்கும் ஓர் எழுத்துக்கூட வேறுபாடில்லை. 2000ஆம் ஆண்டில் இது வெளியானது. வைரசு வீட்டுக்காரரின் எச்.எல்.ஏ.யை அழித்துவிட்டு, அது இருப்பதற்கான அத்தாட்சியைத் தானே அச்சடித்து வாசலில் தொங்கவிடுகிறது. அதே வைரசின் யுஎல்18 என்ற புரதத்தையும் பாருங்கள். 1988இல் கண்டறியப்பட்ட அது, எச்.எல்.ஏ. முதலாம் வகுப்பைப் போலவே மடிந்து, வெண்குழியங்களில் உள்ள எல்.ஐ.ஆர்.-1 என்ற, கலத்தை அடக்கும் வாங்கியை எமது சொந்த எச்.எல்.ஏ. பற்றுவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலான இறுக்கத்துடன் பற்றுகிறது. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் ஒத்துப்போகும். அசலைவிடப் போலி நன்றாகப் பொருந்துகிறது. எழுத்தோ பெரும்பாலும் வேறு.

இவற்றை ஏன் சொன்னேனென்றால், இங்கே ஒற்றுமை என்று நாம் நம்புவதற்குக் காரணம் எழுத்து அல்ல. அந்தத் துண்டை நீக்கினால் கொல்லிக் கலம் கொல்கிறது, சேர்த்தால் விட்டுவிடுகிறது என்று ஆய்வுகூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தச் சோதனைதான் எமக்கு ஆதாரம்.

பதிவு 3 — வெள்ளவத்தை ரீச்சர்

மிக்க நன்றி ஐயா. ஒன்பது எழுத்துகளையும் இன்று காலை வெண்பலகையில் இரண்டு வரிசைகளாக எழுதிவிட்டு, எது மனிதருடையது, எது வைரசுடையது என்று கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து, இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக் கடைசி லியூசீன் வரை போய், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான். பிறகு, “ரீச்சர், கொல்லிக் கலத்துக்கு வேறு வழியே இல்லையா?” என்று கேட்டான். நானும் அதையே உங்களிடம் கேட்கிறேன்.

பதிவு 4 — நுணுக்குக்காட்டி, பொரளை

இருக்கிறது ரீச்சர். சைற்றோமெகலோ வைரசு தொற்றிய பலரிடத்தில் என்.கே.ஜி.2சி என்ற வேறொரு வாங்கியைத் தாங்கிய இயற்கைக் கொல்லிக் கலங்கள் பெருகிவிடுகின்றன. இது அதே எச்.எல்.ஏ.-ஈயையும் அதே ஒன்பது எழுத்துத் துண்டையும் பற்றும் வாங்கி. ஆனால் பற்றினால் கலத்தை அடக்காது, தூண்டும். போலி அத்தாட்சியைக் காட்டியவனை அந்த அத்தாட்சியை வைத்தே பிடிக்கும் முயற்சி என்று பையனிடம் சொல்லுங்கள்.

பதிவு 5 — கொட்டாஞ்சேனைத் தம்பி

ரீச்சர், நான் உங்களிடம் படித்தவன். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. “ஆறு எழுத்து ஒன்றாக இருப்பது பொய்யா” என்ற தங்கையின் கேள்விக்குக் கணக்கால் பதில் சொல்ல முயல்கிறேன்.

அமினோ அமிலங்கள் 20. அடுத்தடுத்த ஐந்தை வைத்து உருவாக்கக்கூடிய சொற்கள் 20ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது, அதாவது 32 இலட்சம். மனிதரின் புரத வகைகள் ஏறத்தாழ 20,000. அவற்றையெல்லாம் ஒரே கயிறாக நீட்டினால் சுமார் 1 கோடியே 10 இலட்சம் அமினோ அமிலங்கள் வரும். ஆகவே எந்த ஐந்தெழுத்துச் சொல்லை எடுத்தாலும் அது மனிதரின் கயிற்றில் சராசரியாக மூன்று இடங்களில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆறெழுத்துச் சொற்கள் 6 கோடியே 40 இலட்சம். ஆகவே அத்தகைய சொற்களில் ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று மனிதரில் கிடைக்கும். டெங்கு வைரசு தன் புரதங்கள் அனைத்தையும் முதலில் ஒரே நீண்ட சங்கிலியாகத் தயாரித்துப் பின்னர் வெட்டுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 3,390 அமினோ அமிலங்கள். அதிலிருந்து எடுக்கக்கூடிய ஆறெழுத்துச் சொற்களும் ஏறக்குறைய அத்தனையே. அவற்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவை, எந்தச் சூழ்ச்சியும் இல்லாமல், வெறும் தற்செயலாக மனிதப் புரதங்களில் இருந்தாக வேண்டும். ஏழெழுத்துக்குப் போனால் அந்த எண்ணிக்கை முப்பதுக்குக் கிட்ட இறங்கும்; எட்டெழுத்தில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும்.

எல்லா அமினோ அமிலங்களும் சம அளவில் வருகின்றன என்று வைத்துக்கொண்டு போட்ட பருமட்டான கணக்கு இது. ஆனாலும் குரற்பதிவில் பேசியவர் கண்டெடுத்த ஆறெழுத்து, ஐந்நூறில் ஒன்று என்பது தெளிவு. அவர் சொன்னது பொய்யாக இல்லாமலிருக்கலாம். ஆனால் நாம் தினமும் உண்ணும் சோற்றின் புரதங்களை இப்படி ஒப்பிட்டாலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும்.

பதிவு 6 — தெஹிவளை அக்கா

நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. என் தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், அதாவது உடலே தன் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய், என்று ஆறு வருடங்களுக்கு முன்னர் சொன்னார்கள். முதலில் ஒரு கண் மங்கியது. பிறகு வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது எந்தப் படியில் கால் வைத்திருக்கிறாள் என்பதை அவள் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தனியார் மருத்துவர் ஒருவர், “சின்ன வயதில் வந்த வைரசு மூளையின் புரதத்தைப் போல இருந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்று இரண்டு வசனத்தில் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த இரண்டு வசனங்களை நான் ஆறு வருடங்களாகச் சுமக்கிறேன்.

தம்பியின் கணக்கைப் படித்தபோது ஒரு பக்கம் ஆறுதலாகவும் மறுபக்கம் கோபமாகவும் இருந்தது. எல்லா ஒற்றுமையும் தற்செயல் என்றால் என் தங்கைக்கு நடந்தது என்ன? அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் படித்தேனே, அதுவும் இந்த ஐந்நூறில் ஒன்றா?

பதிவு 7 — நுணுக்குக்காட்டி, பொரளை

தங்கச்சி, உங்கள் கேள்விதான் இந்த இழையின் நடுமுடிச்சு. அவசரமில்லாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் குறிப்பிடும் வைரசின் பெயர் எப்ஸ்டைன் பார் வைரசு. உலகில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 95 பேரளவில் அது வாழ்நாள் முழுவதும் குடியிருக்கிறது. அது தங்கும் இடமே எமது நிர்ப்பீடனக் கலம்தான்: பி கலம், அதாவது பிறபொருளெதிரியைத் தயாரிக்கும் பரம்பரை. அங்கே அது செய்யும் போலிமைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இந்தச் சொல்லின் முழு விரிவும் விளங்கும். நுழைவாயிலில், பி கலத்தின் மேற்பரப்பில் உள்ள சி.டி.21 என்ற வாங்கியை அது பற்றுகிறது; கிருமிகளை அழிக்க உதவும் குருதிப் புரதங்களான நிரப்பித் தொகுதியின் சி3டி என்ற துண்டு வந்து அமர வேண்டிய இருக்கை அது. உள்ளே போனதும் எல்.எம்.பி.1 என்ற புரதத்தைச் செய்கிறது. பி கலம் உயிர்வாழவும் பெருகவும் உதவிக்கார ரி கலம் சி.டி.40 என்ற வாங்கியைத் தொட்டுச் சைகை கொடுக்க வேண்டும், எல்.எம்.பி.1 எவரும் தொடாமலேயே அந்தச் சைகையை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். எல்.எம்.பி.2ஏ என்ற இன்னொன்று, உடலெதிரியாக்கியைக் கண்டுவிட்ட பி கல வாங்கி கொடுக்கும் சைகையைப் போலச் செய்கிறது. இவற்றுக்கு மேலாக, அழற்சியை அடக்கும் எமது இன்டர்லூக்கின்-10ஐப் போன்ற ஒரு புரதத்தையும் அது வைத்திருக்கிறது. அந்தப் போலி மனித அசலுடன் நூற்றுக்கு 84 அளவில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இன்டர்லூக்கின்-10 போலி எழுத்தில் ஒத்தது, எல்.எம்.பி.1க்கும் சி.டி.40க்கும் எழுத்திலும் உருவத்திலும் பெரும்பாலும் உறவு கிடையாது, ஆனாலும் அதே வேலையைச் செய்கிறது. எழுத்தை மட்டும் தேடும் ஒருவரின் கண்ணில் எல்.எம்.பி.1 எளிதில் படாது.

இனி உங்கள் தங்கையின் நோய்க்கு வருகிறேன். 2022 ஜனவரியில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. முதலாவது அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளையும், ஆண்டுக்கணக்காகச் சேமித்து வைக்கப்பட்ட குருதி மாதிரிகளையும் கொண்டு செய்யப்பட்டது. எப்ஸ்டைன் பார் வைரசு தொற்றிய பின்னர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. ஆராயப்பட்ட 801 நோயாளரில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் நோய் தொடங்குமுன் அந்தத் தொற்று ஏற்பட்டிருந்தது. இதை எழுத்தொற்றுமையால் கண்டுபிடிக்கவில்லை. யாருக்கு எப்போது தொற்றியது, யாருக்கு எப்போது நோய் வந்தது என்று குருதியைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அதே மாதிரிகளில் சைற்றோமெகலோ வைரசையும் தேடினார்கள். அதனால் வாய்ப்பு உயரவில்லை. இந்த இடத்தில் நான் சற்று நின்று யோசித்தேன். மேலே நான் எழுதிய யுஎல்18, யுஎல்40 ஆகியவற்றின் சொந்தக்காரன் சைற்றோமெகலோ வைரசு. நிர்ப்பீடனக் கலங்களைப் போலிசெய்வதில் அதற்கு நிகர் சொல்வது கடினம். அது இந்த நோய்க்குக் காரணமாகவில்லை. ஆகவே போலிசெய்யும் திறமை ஒன்று. உடல் தன்னையே தாக்கும் தன்னிர்ப்பீடன நோயை மூட்டுவது வேறொன்று.

இரண்டாவதுதான் நீங்கள் படித்த ஸ்ரான்போர்ட் ஆய்வு. அவர்கள் எழுத்திலிருந்து தொடங்கவில்லை. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளை எடுத்து, அதில் பெருகியிருந்த பி கலங்களின் பிறபொருளெதிரிகளைச் செய்து, அவை எவற்றைப் பற்றுகின்றன என்று பார்த்தார்கள். அவற்றில் ஒன்று எப்ஸ்டைன் பார் வைரசின் ஈ.பி.என்.ஏ.1 புரதத்தையும், நரம்பு மண்டலத்தில் உள்ள கிளியல்கேம் என்ற எமது புரதத்தையும் பற்றியது. அந்தப் பிறபொருளெதிரி வைரசுப் புரதத்தின் துண்டைப் பற்றியிருக்கும் உருவத்தை ஆராய்ந்தார்கள். எலிகளில் அந்த வைரசுப் புரதத் துண்டைச் செலுத்தியபோது நோய் கடுமையானதையும் பார்த்தார்கள். ஆகவே இது ஐந்நூறில் ஒன்றன்று. நோயாளியிடமிருந்து புறப்பட்டுப் புரதத்தை அடைந்த பாதை. ஆனால் இதுவும் முழுக் கதையன்று. நோயாளர்களில் நான்கில் ஒரு பங்கினர் முதல் ஐந்தில் ஒரு பங்கினர் வரைதான் இத்தகைய பிறபொருளெதிரியைக் காட்டினார்கள். அந்த மருத்துவர் சொன்ன இரண்டு வசனங்களில் முதலாவதற்கு ஆதாரம் வலுவாகிவிட்டது. “அவ்வளவுதான்” என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது.

பதிவு 8 — பம்பலப்பிட்டி வாசகர்

ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் “தற்செயல்” என்ற சொல்லை இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது ஆபத்தானது என்பது என் கருத்து. 2009ஆம் ஆண்டின் பன்றிக் காய்ச்சலுக்கு ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பின்னர் பின்லாந்திலும் சுவீடனிலும் பிள்ளைகளுக்கு நார்கொலெப்சி என்ற உறக்க நோய் வந்தது. அதற்குக் காரணம் மூலக்கூற்றுப் போலிமை என்று நிரூபித்தார்கள் அல்லவா? அன்று யாராவது ஒற்றுமையைத் தேடியிருந்தால் அந்தப் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்.

பதிவு 9 — கொட்டாஞ்சேனைத் தம்பி

அண்ணா, நீங்கள் சொன்னதில் முதற்பாதி முழுக்க உண்மை. அந்த நாடுகளில் பிள்ளைகளிடத்தும் இளைஞரிடத்தும் நோய் அதிகரித்தது; எச்.எல்.ஏ.-டி.கியூ.பி.1*06:02 என்ற வகையைச் சுமந்தவர்களே பாதிக்கப்பட்டார்கள். அதை எவரும் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் நிரூபணம் என்று நீங்கள் சொல்வது, 2013இன் இறுதியில் வெளியான கட்டுரையாக இருக்க வேண்டும். மூளையில் விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெற்றின் என்ற புரதத்தின் துண்டும் வைரசின் மேற்பரப்புப் புரதத்தின் துண்டும் ஒத்திருக்கின்றன, ஒரே ரி கலங்கள் இரண்டுக்கும் எதிராகக் கிளம்புகின்றன என்று அது சொன்னது. எழுத்தொற்றுமை அதில் அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் ரி கலச் சோதனையைத் தாமே மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை என்று கண்டு, ஆசிரியர்கள் 2014இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். தமது தவற்றைத் தாமே அறிவித்த அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995இல் ஹாவார்டில் வூகெர்ப்ஃபெனிக், ஸ்ட்ரோமிங்கர் ஆகிய இருவர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் நோயாளரின் ரி கலங்களை எடுத்து, நரம்பு உறையான மயலினின் புரதத்தைப் பற்றும் அக்கலங்களுக்கு 129 நுண்ணுயிர்த் துண்டுகளைக் காட்டினார்கள். எட்டுத் துண்டுகள் அக்கலங்களைத் தூண்டின. ஏழு வைரசுகளுடையவை, ஒன்று பற்றீரியாவினுடையது. அந்த எட்டில் ஒன்றைத் தவிர மற்றவற்றை எழுத்தொப்பீட்டால் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ரி கலம் எழுத்தைப் படிப்பதில்லை. பள்ளத்தில் அமர்ந்திருக்கும் துண்டின் மேடு பள்ளங்களையும் மின்னேற்றத்தையும் தடவிப் பார்க்கிறது. ஆகவே ஒற்றுமையைத் தேடியிருந்தால் பிள்ளைகள் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல இயலாது அண்ணா. தேடினால் ஐந்நூறு கிடைக்கும். ஆபத்தானது அந்த ஐந்நூறுக்குள் இல்லாமலும் போகலாம்.

பதிவு 10 — பம்பலப்பிட்டி வாசகர்

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது எனக்குத் தெரியாது. சுட்டிக்காட்டியமைக்கு நன்றி தம்பி. ஆயினும் தடுப்பூசி தயாரிப்போர் இந்த ஒற்றுமைகளைப் பட்டியலிட்டுச் சோதிக்கவே வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

பதிவு 11 — நுணுக்குக்காட்டி, பொரளை

அதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிவுசெய்ய எழுத்தொற்றுமை உதவும். 1985இல் ஃபூஜினாமியும் ஓல்ட்ஸ்டோனும் அப்படித்தான் செய்தார்கள்: ஹெப்பரைற்றிஸ் பி வைரசின் பொலிமரேஸ் என்ற புரதத்தில் மயலின் அடிப்படைப் புரதத்தோடு ஒத்த ஆறு அமினோ அமிலங்களைக் கண்டு, அத்தோடு நில்லாமல், அந்தத் துண்டை முயல்களில் செலுத்தினார்கள், சில முயல்களின் மூளையில் அழற்சி உண்டானது. இத்துறைக்கே வழி திறந்த சோதனை அது. அப்படியிருந்தும், மனிதரில் ஹெப்பரைற்றிஸ் பி தொற்றே மல்டிபிள் ஸ்கிளரோசிசுக்குக் காரணம் என்று இன்றுவரை நிறுவப்படவில்லை. முயலில் ஊசியால் நடந்தது மனிதரில் தொற்றால் நடக்கிறது என்று காட்டப்படவில்லை. ஆறெழுத்து வைத்திருந்த மிகச் சிறந்த உதாரணத்தின் கதி அது.

டெங்குவைப் பற்றி ரீச்சர் கேட்டதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. 2017இல் இலங்கையில் 186,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் நடு மாதங்களில் எனது மேசையில் குருதிப் பூச்சுத் தகடுகள் தட்டுத்தட்டாக அடுக்கியிருந்தன. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு டெங்குத் தகட்டைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெறுமை. செங்குழியங்களுக்கு இடையில் ஊதா நிறத் தூள் போலச் சிதறியிருக்க வேண்டிய குருதிச் சிறுதட்டுகள் ஒரு புலத்தில் ஒன்று, அடுத்த புலத்தில் ஒன்றுமில்லை, பிறகு இரண்டு என்று இருக்கும். அவற்றுக்கிடையே நிணநீர்க்குழியங்கள் வழக்கத்தைவிடப் பெருத்து, அடர்நீலக் குழியவுருவோடு, பக்கத்துச் செங்குழியத்தின் ஓரத்தில் பாவாடை விரித்தாற்போலப் படிந்திருக்கும். அந்தச் சிறுதட்டுகளை எது தின்றது என்ற கேள்வி அப்போது எனக்கு ஒவ்வொரு தகட்டிலும் வந்தது.

போலிமை இதற்கு ஒரு பகுதி விடையாக இருக்கலாம் என்று தாய்வானில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். டெங்குவின் என்.எஸ்.1 புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் குருதிச் சிறுதட்டுகளையும் குருதிக் கலன்களின் உட்சுவர்க் கலங்களையும் பற்றுவதை ஆய்வுகூடத்திலும் எலிகளிலும் காட்டினார்கள். ஆகவே குரற்பதிவில் பேசியவர் வெறுங்காற்றில் பேசவில்லை; உண்மையான ஆய்வொன்றின் நிழல் அவர் பேச்சில் விழுந்திருக்கிறது. ஆனால் வாட்டில் நின்று பார்த்தால் காலக்கணக்கு இடிக்கிறது. குருதித் திரவம் கசியும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் தறுவாயில் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதன் பின் சிறுதட்டுகள் மளமளவென ஏறும். நீடித்து நிற்கும் பிறபொருளெதிரி உடலையே தின்றுகொண்டிருந்தால் நோயாளி வாரங்களாக மீளமாட்டார். தவிர, என்.எஸ்.1 புரதம் எந்தப் பிறபொருளெதிரியின் துணையுமின்றித் தானே குருதிக் கலன்களின் உட்சுவரைக் குலைக்கிறது என்று 2015இல் காட்டியிருக்கிறார்கள்.

தடுப்பூசியைப் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்கு விளங்குகிறது. டெங்வாக்ஸியா என்ற தடுப்பூசியை, முன்னர் டெங்கு வராதவர்களுக்குப் போட்டால் பின்னர் வரும் தொற்று கடுமையாகலாம் என்று 2017 நவம்பரில் எச்சரித்தார்கள். அது மெய்யான எச்சரிக்கை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் போலிமையன்று. டெங்குவில் நான்கு வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராக எழுந்த பிறபொருளெதிரி இன்னொரு வகையை அரைகுறையாகப் பற்றி, அழிக்காமல், பெருவிழுங்கிக் கலத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. வைரசுக்கு அது வாகனமாகிறது. இங்கே எமது எந்தப் புரதமும் வைரசைப் போல இருக்க வேண்டியதில்லை. ஒரு வைரசு இன்னொரு வைரசைப் போல இருப்பதே போதும். குரற்பதிவுக்காரர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

பதிவு 12 — கொட்டாஞ்சேனைத் தம்பி

இழையின் தலைப்புக்கு மிக நெருங்கிய ஒன்றைச் சேர்க்கிறேன். கொவிட் தொற்றி சில வாரங்களின் பின் சில பிள்ளைகளுக்கு உடலின் பல உறுப்புகளில் அழற்சி வந்தது நினைவிருக்கும். 2024இல் வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளின் குருதியை ஆராய்ந்து, அவர்களில் ஒரு பகுதியினரிடம் எஸ்.என்.எக்ஸ்.8 என்ற மனிதப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டது. அந்தப் புரதம் நிர்ப்பீடனக் கலங்களில் உள்ளது. வைரசு வந்தால் எச்சரிக்கை எழுப்பும் பாதையோடு தொடர்புடையது. அதன் ஒரு துண்டு வைரசின் நியூக்கிளியோகப்சிட் புரதத்தின் ஒரு துண்டைப் போலிருந்தது. இரண்டையும் பற்றும் ரி கலங்களையும் அதே நோயுற்ற பிள்ளைகளிடம் காட்டினார்கள். பாதை இங்கும் அதேதான்: நோயாளியின் குருதி முதலில், எழுத்து கடைசியில்.

பதிவு 13 — தெஹிவளை அக்கா

பொரளை ஐயாவின் ஏழாம் பதிவை அச்செடுத்துத் தங்கையிடம் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, “நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இருக்கிறதென்றால் உனக்கும் இருக்கும் அக்கா” என்றாள். நான் ஆமாம் என்றேன். “உனக்கு ஏன் வரவில்லை?” என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாள். ஐயா, இதற்கு ஏதாவது சொல்ல முடியுமா?

பதிவு 14 — நுணுக்குக்காட்டி, பொரளை

தங்கச்சி, வைரசு ஏறத்தாழத் தேவையான காரணம், ஆனால் போதுமான காரணமன்று என்பதே அந்த ஆய்வுகளின் பொருள். எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1*15:01 என்ற வகையைச் சுமப்போருக்கு வாய்ப்பு கூடுதல். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். பதின்ம வயதில் வைரசு முதன்முறையாகத் தொற்றிக் கழுத்துக் கணுக்கள் வீங்கிக் காய்ச்சலாகப் படுத்தவர்களுக்கும் கூடுதல். புகைப்பிடித்தலும் அதிகரிக்கச் செய்கிறது. இவை அனைத்தையும் சேர்த்தாலும், ஒரே தாயின் இரு பிள்ளைகளில் ஒருத்திக்கு ஏன் என்ற கேள்விக்கு இன்னும் எவரிடமும் விடையில்லை. அது அவளுடைய குற்றமும் அன்று, உங்களுடைய குற்றமும் அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பதிவு 15 — வெள்ளவத்தை ரீச்சர்

எல்லோருக்கும் என் நன்றி. சனிக்கிழமை வகுப்பில் நான் செய்ய நினைத்திருப்பது இது: டெங்கு வைரசின் புரதச் சங்கிலி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, அதே எழுத்துகளைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, உலகில் எங்கும் இல்லாத ஒரு பொய் வைரசைச் செய்யப்போகிறோம். பிறகு உண்மையானதும் பொய்யானதும் ஒவ்வொன்றும் மனிதப் புரதங்களோடு எத்தனை ஆறெழுத்துச் சொற்களில் ஒத்துப்போகின்றன என்று தம்பியின் மடிக்கணினியில் எண்ணிப் பார்ப்போம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே தொகை வந்தால், அந்தக் குரற்பதிவை என்னிடம் கொண்டுவந்த பிள்ளையே வெண்பலகை முன் வந்து விளக்கட்டும். தம்பி, காலை ஒன்பது மணிக்கு வர முடியுமா?

பதிவு 16 — கொட்டாஞ்சேனைத் தம்பி

வருகிறேன் ரீச்சர்.

பதிவு 17 — நுணுக்குக்காட்டி, பொரளை

நல்ல யோசனை. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: பொய் வைரசை இருபது எழுத்துகளிலிருந்து சம அளவில் புதிதாக எடுத்துச் செய்துவிடாதீர்கள், நீங்கள் எழுதியபடி உண்மையான சங்கிலியின் எழுத்துகளையே கலையுங்கள். மனிதப் புரதங்களில் பத்தில் ஒன்று லியூசீன். திரிப்தோஃபான் நூறில் ஒன்றுக்குச் சற்றுக் கூடுதல்தான். கலைக்கும்போது அந்தந்த எழுத்தின் எண்ணிக்கை மாறிவிட்டால் ஒப்பீடு கெட்டுவிடும். ஒரு தடவை கலைத்து எண்ணினாலும் போதாது. நூறு தடவையாவது கலைத்து எண்ணி, உண்மையான வைரசின் தொகை அந்த நூறுக்கு நடுவில் விழுகிறதா, வெளியே நிற்கிறதா என்று பாருங்கள். வெளியே நின்றால், அதையும் இங்கே எழுதுங்கள்.